அபராதம் கட்ட செல்போன் போதும், எதிர்க்க மட்டும் கோர்ட் படியா?



சென்ற மாதம் என் கடைக்குச் சர்க்கரை மூட்டை இறக்க வந்த குட்டி யானைக்கு, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதாகச் சலான் விழுந்தது. 500 ரூபாய். வண்டி நின்றது கால் மணி நேரம். அதுவும் சரக்கு இறக்க அனுமதித்த நேரத்துக்குள். பில்லில் நேரம் இருக்கிறது. போட்டோவில் நம்பர் பிளேட் தெரிகிறது. முதுகில் மூட்டையோடு நிற்கும் ஆள் மட்டும் விழவில்லை! "எதுக்கு முதலாளி வம்பு, கட்டிடுங்க" என்றார் டிரைவர். கட்டினேன். கட்டிய பிறகுதான் உறைத்தது, செய்யாத தப்பை ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று.

இது சின்னத் தொகை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதம் உயர்ந்த பிறகு முதல் தடவை 500, மறு தடவை 1,500. இன்று வம்பு வேண்டாம் என்று கட்டுகிறவர், அடுத்த முறை பழைய குற்றவாளியாகிறார். தினமும் சரக்கு ஏற்றி இறக்கும் நமக்கு அடுத்த முறை வர எத்தனை நாளாகும்?

போக்குவரத்துச் சலானுக்கான மெய்நிகர் நீதிமன்றம் 2019-இல் டில்லியில் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு உள்படப் பல மாநிலங்களுக்கு வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் உள்ள இரண்டு வழிகளைப் பாருங்கள். கட்டுகிறேன் என்றால் செல்போனிலேயே இரண்டு நிமிடத்தில் முடிந்தது. எதிர்க்கிறேன் என்றால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போய்விடும். அப்புறம் வக்கீல், வாய்தா, கடைக்குப் பூட்டு. தனியாளாக மளிகைக் கடை நடத்துகிறவர் 500 ரூபாய்க்காக ஒரு நாள் வியாபாரத்தை விடுவாரா? பணம் வாங்க வந்த வசதி, நியாயம் கேட்க ஏன் வரவில்லை என்பதே என் கேள்வி.

சட்டம் தடுக்கிறது என்று சொல்ல முடியாது. குற்ற வழக்கிலேயே காணொலியில் சாட்சி சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் சொல்லிவிட்டது. 2020 கொரோனாவில் நீதிமன்றங்கள் காணொலியில்தான் நடந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் விசாரணையை மின்னணு முறையில் நடத்த இடம் தருகிறது. கேமரா சலான் என்றால் 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், வழக்கு முடியும் வரை பதிவை வைத்திருக்க வேண்டும் என்பது 2021-இல் வந்த மத்திய விதி. அவர்கள் பக்கத்துச் சாட்சி கம்ப்யூட்டரில் இருக்கிறது. நம் பில்லும் அங்கே ஏறட்டும். இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே பார்க்கிங் அபராத மேல்முறையீட்டைத் தொலைபேசியிலும் காணொலியிலும் கேட்கிறார்கள். அதற்குக் கட்டணமும் கிடையாது.

எல்லோரும் எதிர்க்கத் தொடங்கினால் நீதிமன்றம் தாங்குமா என்பார்கள். ஆவணத்தை முதலில் அனுப்பச் சொன்னால் வீண் வழக்கு தானே உதிரும். நம்மிலும் காலையில் நிறுத்திய ஸ்கூட்டரை இரவு கடை சாத்தும்போதுதான் எடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. செல்போன் பழகாத என் வயதுக்காரர்களுக்கு நேரில் போகும் வழியும் இருக்கட்டும்.

அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். சரக்கு இறக்கும்போது சலான் வாங்கிய உறுப்பினர்கள், சலான் நகலையும் அன்றைய பில்லையும் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். கையில் காகிதம் இல்லாமல் அதிகாரிகள் முன் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை.