தலைக்கட்டு இல்லாதவருக்கு ஜமாஅத்தில் இடம் உண்டா?





வெள்ளிக்கிழமைகளில் நம் பகுதிப் பள்ளிவாசல்கள் நிரம்பி வழிகின்றன. உள்ளே இடமின்றி மாடிப்படியிலும் வாசலிலும் பாய் விரித்துத் தொழுகிறார்கள். பார்க்கும் கண்ணுக்கு மகிழ்ச்சியான காட்சி. ஆனால் இமாம் ஸலாம் கொடுத்த சில நிமிடங்களில் அந்தக் கூட்டம் கரைந்துவிடுகிறது. அவர்களில் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. எந்த அறையில் தங்கியிருக்கிறார்கள், காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொடுக்க ஆள் உண்டா என்பதும் தெரியாது. ஜமாஅத் பதிவேட்டில் அவர்கள் இல்லை. காரணம் கேட்டால் ஒரே சொல்லில் பதில் வருகிறது: "அவர்களுக்கு இங்கே தலைக்கட்டு இல்லை."

இந்தப் பதிலுக்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை என்பதையும், இதைச் சொல்லிக்கொண்டே நாம் பெரும் அமானிதம் ஒன்றைத் தவறவிடுகிறோம் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்டலத்தைச் சுற்றியுள்ள இந்த நிலப்பரப்பு முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏரிப்பாசனமும் நெல்வயலுமாக இருந்தது. 1998இல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. 2012இல் டைம்லர் லாரி ஆலை திறக்கப்பட்டது. ஆலைகளைத் தொடர்ந்து மனிதர்கள் வந்தார்கள். இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வந்தார்கள். பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அஸ்ஸாமிலிருந்தும் வந்தார்கள். அவர்களில் கலிமா சொன்னவர்களும் உண்டு. ஊரின் முகமே மாறிவிட்டது. நம் ஜமாஅத் பதிவேடு மட்டும் மாறவில்லை.

தலைக்கட்டு முறையை நான் இழிவாகப் பேசவில்லை. ஒரு குடும்பத்தை ஓர் அலகாகக் கணக்கிட்டு, சந்தா பெற்று, அதைக்கொண்டு இமாமுக்கும் முஅத்தினுக்கும் சம்பளம் கொடுத்து, கபரஸ்தானுக்கு வேலி போட்டு, நிக்காஹ் தப்தரை ஒழுங்காகப் பேணியவர்கள் நம் முன்னோர்கள். அன்று ஊரில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தலைக்கட்டு இருந்தது. ஆகவே அந்த முறை எவரையும் வெளியே நிறுத்தவில்லை. இன்றோ ஊரில் வாழ்பவர்களில் ஒரு பெரும் பகுதியை அதே முறை வெளியே நிறுத்துகிறது. ஒன்றுசேர்க்க வந்த ஏற்பாடு பிரித்துவைக்கத் தொடங்கினால், அதைத் திருத்துவதே முன்னோர்களுக்குச் செய்யும் மரியாதை.

இதை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "வாடகைக்கு இருப்பவர் இன்றிருப்பார், நாளை போய்விடுவார். அவருக்கு ஜமாஅத்தில் பேச்சுரிமை எதற்கு?"

அபூஹுரைரா (ரலி) அவர்கள் யமன் நாட்டு தவ்ஸ் குலத்தைச் சேர்ந்தவர்கள். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில்தான் மதீனா வந்தார்கள். அங்கே அவர்களுக்கு வீடில்லை, தோட்டமில்லை, உறவுக் குடும்பங்களின் பலமில்லை. பள்ளிவாசலின் திண்ணையில் தங்கிய அஹ்லுஸ் ஸுஃப்பாவில் ஒருவராக, பல நாட்கள் பட்டினியோடு கிடந்தார்கள். நம் கணக்குப்படி தலைக்கட்டு இல்லாதவர்! அந்தத் திண்ணைவாசிதான் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகளை இந்த உம்மத்துக்கு எடுத்துத் தந்தார்கள். சொந்த வீடு இல்லாதவருக்கு என்ன பேச்சுரிமை என்று அன்று மதீனாவாசிகள் கேட்டிருந்தால், இன்று நம் மதரஸாக்களில் பாடம் நடத்த நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கும்?

"நாளை போய்விடுவார்" என்பதையும் சற்றுச் சிந்தியுங்கள். நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. எட்டாண்டுகளே இயங்கிய ஆலை. ஆயினும் எட்டாண்டு என்பது ஒரு மனிதரின் வாழ்வில் எவ்வளவு நீளம்! அந்தக் காலத்திற்குள் ஒருவர் நிக்காஹ் செய்கிறார், பிள்ளை பெறுகிறார், அந்தப் பிள்ளைக்கு அலிஃப் பா ஓதவைக்கிறார், பெற்றவரை இழக்கிறார். இவையனைத்தும் எந்த ஜமாஅத்தின் நிழலில் நடக்கவேண்டும்? சொந்த ஊர் மஹல்லா ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. இருக்கும் ஊர் மஹல்லாவோ "நீ எங்கள் கணக்கில் இல்லை" என்கிறது. நிக்காஹுக்கு ஒரு ஜமாஅத் கடிதம் வேண்டுமென்றால் அவர் யாரிடம் போய் நிற்பார்?

இரண்டாவது: "அவர்களுடைய மொழி வேறு, பழக்கம் வேறு. நம்மோடு ஒட்டமாட்டார்கள்."

இதைச் சொல்லும் நாம் யார் என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்களின் வழியில் வந்த சமுதாயம் நாம். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மஸ்ஜித் ஜாமிஆ சூலியாவுக்கு 1826இல் அடித்தளமிட்டார்கள். பிழைக்கப் போன இடத்தில் பள்ளி கட்டினார்கள். அந்தப் பள்ளியில் தமிழில் மார்க்கம் பேசினார்கள். இன்றும் அங்கே தமிழ் பயான் ஒலிக்கிறது என்று பெருமையோடு சொல்கிறோம். சிங்கப்பூரில் நம் மொழிக்கு இடம் கிடைத்ததைப் பெருமையாகப் பேசும் நாம், தண்டலத்தில் ஒரு பீகார் தொழிலாளிக்கு உருதுவில் பத்து நிமிடம் மார்க்கம் சொல்ல மனம் சுருங்குகிறோமே, இது என்ன நீதி?

புதிதாக வந்தவருக்கு என்ன தெரியும் என்போருக்கு அகழ்ப்போர் பதில் சொல்லும். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவைப் பெரும்படை சூழ வந்தபோது, அகழி வெட்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அரபுகளின் போர்முறையில் இல்லாத ஒன்று அது. "இது எங்கள் ஊர் வழக்கமில்லை" என்று நபி (ஸல்) அவர்கள் மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டார்கள், தாமும் இறங்கி மண் சுமந்தார்கள். ஊரைக் காப்பாற்றிய யோசனை வெளியூர்க்காரரிடமிருந்து வந்தது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். மக்தபில் பாடம் சொல்லும்போது, தமிழ் தெரியாத பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பலகையைப் பார்த்து ஒரே குரலில் "அலிஃப், பா, தா" என்று ஓதுகிறார்கள். ஒரு மாதத்திற்குள் இருவரும் சேர்ந்து விளையாடுகிறார்கள். ஒட்டமாட்டார்கள் என்ற பேச்சு பெரியவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாவது: "யார் எவர் என்று தெரியாதவரை எப்படி நம்புவது? ஏதாவது வம்பு வந்தால் ஜமாஅத்துக்குத்தானே கெட்ட பெயர்?"

எச்சரிக்கை தேவைதான். ஆனால் இந்தக் காரணம் அவர்களைப் பதிவேட்டில் சேர்ப்பதற்கு உரியதேயன்றி, விலக்குவதற்கு உரியதன்று. யாரென்று தெரியவில்லை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே? பெயர், சொந்த ஊர், வீட்டாரின் கைப்பேசி எண், வேலை செய்யும் இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டால் தெரியாதவர் தெரிந்தவராகிவிடுவார். தெரிந்துகொள்ள முயலாமலேயே சந்தேகிப்பதைத்தான் அல்லாஹ் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுக்கிறான். அதே அத்தியாயத்தில்தான் மனித குலத்தைப் பல சமூகங்களாக ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்றும் கூறுகிறான்.

நாம் அறிந்துகொள்ளாததால் வரும் கேடு எத்தகையது தெரியுமா? நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிய எளியவர் ஒருவர் இறந்தபோது, அதைச் சிறிய செய்தியாக எண்ணி இரவிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணவில்லையே என்று கேட்டவர்கள் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள். செய்தி அறிந்ததும் தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை எனக் கேட்டு, கபருக்கே சென்று தொழுகை நடத்தினார்கள். நம் மஹல்லாவில் கடைசி ஸஃப்பில் தொழும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி மூன்று ஜும்ஆக்களாக வரவில்லை என்றால், எங்கே அவர் என்று கேட்க ஒருவராவது உண்டா? அவர் இறந்தால் குளிப்பாட்ட, கஃபனிட, ஊருக்கு அனுப்ப, அல்லது இங்கேயே அடக்க யார் முன்நிற்பது என்று முடிவு செய்து வைத்திருக்கிறோமா?

இனி, பலரும் பேசத் தயங்கும் ஒன்று: நம் பெண்கள். இந்தத் தொழிற்சாலைகளில் பெருந்தொகையான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். அத்தகைய விடுதிகளில் தங்கும் முஸ்லிம் சகோதரி ஒருவர் ஒரு மார்க்கச் சட்டத்தைக் கேட்க, ஒரு பெருநாள் தொழுகையில் சேர, துன்பம் நேர்ந்தால் உதவி பெற, யாரை அணுகுவார்? அல்லாஹ்வின் அடியார்களான பெண்களைப் பள்ளிவாசல்களை விட்டுத் தடுக்காதீர்கள் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. பெண்கள் பள்ளிவாசலுக்குள் வர அனுமதி உண்டு என்று அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியமே 2020இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் அவர்கள் பெண்களுக்கென்றே தனி ஜமாஅத் அமைத்தபோது அவரைக் கண்டித்தவர்கள் பலர். அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. ஆனால் இருக்கும் ஜமாஅத்தில் பெண்ணின் முறையீட்டைக் கேட்கச் செவி இருந்திருந்தால், தனி ஜமாஅத்துக்குத் தேவை எங்கிருந்து வந்திருக்கும்? கவ்லா (ரலி) அவர்களின் முறையீட்டைக் கேட்டதாகச் சொல்லி ஓர் அத்தியாயத்தையே அல்லாஹ் தொடங்குகிறானே!

இதுவரை ஜமாஅத் பெரியவர்களை நோக்கிச் சொன்னேன். புதிதாக வந்திருக்கும் சகோதரர்களே, உங்களிடமும் ஒரு சொல். தொழ வந்தேன், தொழுதேன், மற்றது எனக்கெதற்கு என்று செருப்பை மாட்டிக்கொண்டு போவதும் குற்றமே. மக்காவிலிருந்து வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, மதீனாவின் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்கள் துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். வழி கேட்டார்கள், உழைத்தார்கள், விரைவில் வலீமா விருந்து கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார்கள். வருகிறவருக்கு முன்மாதிரி இதுதான். ஆகவே ஒரு புதிய ஊருக்கு வந்தால் முதல் வாரத்திலேயே இமாமிடம் போய் ஸலாம் சொல்லிப் பெயரைக் கூறுங்கள். ஜும்ஆ நேரம் எது, மக்தப் எப்போது, அவசரத்திற்கு யாரைக் கேட்பது என்று விசாரியுங்கள். முடிந்த சந்தாவைக் கொடுங்கள். நூறு ரூபாயானாலும் அது உங்களை விருந்தாளி நிலையிலிருந்து பொறுப்பாளி நிலைக்கு உயர்த்தும். நோன்புக் கஞ்சி காய்ச்சும் நாளில் ஒரு கை கொடுங்கள். ஆமீனை உரக்கச் சொல்வதா மெல்லச் சொல்வதா என்ற உங்கள் ஊர்ச் சண்டையை மூட்டை கட்டி இங்கே கொண்டுவராதீர்கள். முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். பேச வேண்டியதைப் பேசாமலும் இருந்துவிடாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான் கேட்பவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. தலைக்கட்டுப் பதிவேட்டோடு, வாடகைக்கு இருப்போருக்கென ஒரு பதிவேடு வையுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து இருப்பவருக்குப் பொதுக்கூட்டத்தில் பேசும் உரிமை கொடுங்கள். தொழுகை நேரம், இமாமின் எண், நிக்காஹுக்கும் ஜனாஸாவுக்கும் அணுக வேண்டியவர் யார் என்பதைத் தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும் வாசலில் எழுதி வையுங்கள். வரவு செலவையும் அதே பலகையில் ஒட்டுங்கள். கணக்கைப் பார்ப்பவருக்குத்தான் கொடுக்க மனம் வரும். சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவரும் தொழிலாளியை நினைத்து ஜும்ஆ பயானைச் சுருக்குங்கள். குத்பாவைச் சுருக்குவது மார்க்க அறிவின் அடையாளம் என்று நபிமொழியே இருக்கிறது. பெண்கள் கேள்வி கேட்க மாதம் ஒருமுறையாவது ஆலிமா ஒருவரை அமர்த்துங்கள்.

இவற்றைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? பள்ளிவாசல் வெள்ளிதோறும் நிரம்பத்தான் செய்யும். ஆனால் அது பேருந்து நிலையம் நிரம்புவதைப் போன்றது. அங்கேயும் கூட்டம் உண்டு, ஜமாஅத் கிடையாது. ஒன்றுகூடி நிற்பதோடு, ஒருவர் குறைந்தால் மற்றவருக்குத் தெரியும் நிலைக்குத்தான் ஜமாஅத் என்று பெயர்.

வரும் வெள்ளிக்கிழமை ஸலாம் கொடுத்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். வலப்பக்கம் இருப்பவரின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். இடப்பக்கம் இருப்பவரிடமும் கேளுங்கள். பதிவேட்டின் முதல் இரண்டு வரிகள் அங்கிருந்தே தொடங்கட்டும்.

வந்தோரை அரவணைத்த அன்ஸார்களின் மனத்தையும், வந்த இடத்தில் உழைத்து உயர்ந்த முஹாஜிர்களின் ஊக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.