முட்டைக்கு வரம்பு உண்டு, கட்டணத்திற்கு இல்லை

கருக்குழாய் அடைபட்டுக் கருத்தரிக்க இயலாத பெண்ணுக்குச் சோதனைக்குழாய் முறை வழி திறக்கிறது. கருமுட்டைகளை ஊசி வழியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்து, உருவாகும் கருவை நேரே கருப்பையில் வைக்கின்றனர். அடைபட்ட குழாய்க்கு அங்கே வேலையில்லை. இந்தியாவில் அவ்வடைப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று காசநோய். நெரிசலான குடியிருப்பிலும் அரைவயிற்றுக் கஞ்சியிலும் வளரும் நோய் அது. (பழியோ ‘மலடி’ என்று பெண்ணின் தலையில்தான் விழுகிறது, குறை ஆணிடமும் இருக்கலாம் என்பதைக் குடும்பங்கள் எளிதில் ஏற்பதில்லை.)

இச்சிகிச்சை தில்லி எய்ம்ஸ் போன்ற சில பொது மருத்துவமனைகள் நீங்கலாகப் பெரும்பாலும் தனியாரிடமே உள்ளது. ஒரு சுற்றுக்கே லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கின்றனர். முதற்சுற்றிலேயே குழந்தை வாய்ப்பதோ சிலருக்குத்தான். எஞ்சியோர் நகையை அடகு வைத்து மீண்டும் வருகின்றனர்.

உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021இல் நிறைவேறியது. கருமுட்டை வழங்கும் பெண்ணுக்கு வயது 23 முதல் 35 வரை. வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே. 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது. வறுமையால் முட்டை தர நேரும் பெண்ணைக் காக்க இவ்வரம்பு வேண்டியதே. எனினும், மருத்துவமனை வாங்கும் கட்டணத்திற்கு அச்சட்டம் வரம்பு எதையும் விதிக்கவில்லை. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடோ கருத்தரிப்புச் சிகிச்சையை விலக்கியே வைத்துள்ளது. அவ்விலக்கை நீக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அனைத்திலும் இச்சிகிச்சையைத் தொடங்க வேண்டும். மாதர் அமைப்புகள் இக்கோரிக்கையை இனியும் தள்ளிப்போடலாகாது.