வீட்டிலேயே பீர் காய்ச்சினால் காசு மிச்சமா? ஒரு 784 பாட்டில் கணக்கு

போன மாசம் ஆதிச்சநல்லூர்ல சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க மகனுக்கு 26 வயசு, வீட்டுல இருந்தே வேலை பார்க்கிற ஐ.டி. பையன். மாடி அறைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு பழைய ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினான். உள்ளே தட்டெல்லாம் கழட்டி, மூடி போட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. வெளியே டிகிரி காட்டுற ஒரு சின்னப் பெட்டி. பக்கத்துல 35 லிட்டர் எவர்சில்வர் அண்டா.

"கடையில ஒரு பாட்டில் 180 ரூவாண்ணே. கிங்ஃபிஷர் மாதிரியே நாமளே போட்டா 40 ரூவால முடிஞ்சிரும். நீங்கதான எப்பவும் செலவைக் குறை, செலவைக் குறைன்னு சொல்லுதீங்க?"

இன்னும் காய்ச்ச ஆரம்பிக்கல. நான் வந்த பிறகுதான் முதல் அடுப்பு பத்தவைக்கணும்னு காத்திருந்தானாம். நல்லவேளை.

குடிக்கலாமா வேண்டாமான்னு நான் இங்க பேச வரல. அது உங்க உடம்பு, உங்க முடிவு. ஆனா "வீட்டுல செஞ்சா மிச்சம்"னு ஒருத்தர் சொன்னா, அது எனக்கு ஒரு கணக்கு. பில்லை எல்லாம் எடுத்துட்டு வாடான்னேன்.

அந்த 40 ரூபாய் எப்படி வந்துச்சு? 20 லிட்டர் காய்ச்ச மால்ட் 1,100 ரூபாய். அடியில தங்குற வண்டல் போக 650 மில்லி பாட்டில் 28 தேறும். 1,100ஐ 28ஆல் வகுத்திருக்கான். அவ்வளவுதான் அவனோட காஸ்டிங். ஹாப்ஸ் 550, ஈஸ்ட் ரெண்டு பாக்கெட் 1,300, கூரியர் 350, கேஸும் கழுவுற கெமிக்கலும் 200. மொத்தம் 3,500 ஆச்சு. இது தவிர, ஒரு தடவை போட்டா ஃபிரிட்ஜ் ரெண்டு மாசம் ஓடணும். ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்னு வெச்சாலும் 90 யூனிட், சுமார் 500 ரூபாய். நம்ம ஊர் கரண்ட் பில்லும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான். அதுல 500 யூனிட்டைத் தாண்டிட்டா கீழ்ப்படியோட ரேட்டும் சேர்ந்து ஏறும், அது சித்தப்பா தலையில விழும். அதை நான் கணக்குல சேர்க்கவே இல்ல.

ஆக 4,000 ரூபாய்க்கு 28 பாட்டில். ஒண்ணு 143 ரூபாய். கடை விலையை அவன் சொன்ன 180ன்னே வெச்சுக்கிட்டா, மிச்சம் பாட்டிலுக்கு 37 ரூபாய், ஒரு தடவைக்கு 1,040.

இப்ப முதலீடு. ஃபிரிட்ஜ் 9,000, டிகிரி பெட்டி 1,500, அண்டா 6,000, வாளி 4,000, கொதிச்சதைச் சீக்கிரம் ஆறவைக்கிற செம்புச் சுருள் 4,000, மூடி போடுற மெஷின், ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர் எல்லாம் 4,000. மொத்தம் 28,500. இதை 1,040ஆல் வகுங்க. 28 தடவை காய்ச்சணும். 784 பாட்டில் குடிச்சாத்தான் போட்ட முதல் திரும்பும்.

"மாசத்துக்கு எத்தனை பாட்டில் குடிக்கிற?"ன்னு கேட்டேன். சித்தி காதுல விழாத மாதிரி நாலு விரலைக் காட்டினான். நாலு பாட்டில்னா 784 தீர 16 வருஷம் 4 மாசம். அதுக்குள்ள அந்த ஃபிரிட்ஜ் ரெண்டு தடவையாவது செத்திருக்கும். ஃபிரிட்ஜை விடாம ஓட்டி வருஷத்துக்கு ஆறு தடவை காய்ச்சினா நாலு வருஷம் எட்டு மாசத்துல முதல் வந்துரும். ஆனா அப்ப மாசத்துக்கு 14 பாட்டில் குடிக்கணும். இப்ப மாசம் 720 ரூபாய் செலவு பண்றவன், "மிச்சம்" பிடிச்ச பிறகு மாசம் 2,000 ரூபாய் செலவு பண்ணுவான். ஆஃபர்ல வாங்குற எல்லாத்துலயும் இந்தக் கதைதான் நடக்குது. பாட்டிலுக்கு எவ்வளவு குறையுதுன்னு பார்க்கிறோம், எத்தனை பாட்டில் கூடுதுன்னு பார்க்கிறதில்ல.

அவன் பார்த்த வீடியோவுல எல்லாம் இது ஏன் லாபமா தெரியுது? அந்த வீடியோக்காரங்க குளிர் நாட்டுல இருக்காங்க. பீர்ல ரெண்டு பெரிய குடும்பம் இருக்கு. ஏல் வகைக்கான ஈஸ்ட் 18 - 22 டிகிரியில வேலை செய்யும். லாகர் ஈஸ்டுக்கு 8 - 13 டிகிரி வேணும், அதுக்கப்புறம் வாரக்கணக்குல இன்னும் குளிர்ச்சியில கிடக்கணும். இங்கிலாந்துல ஒருத்தர் ஏல் போட்டா வீட்டு மூலையில வாளியை வெச்சிட்டுப் போயிடலாம். ஃபிரிட்ஜே வேண்டாம். தாமிரபரணிக் கரையில சித்தியோட மாடி அறை பங்குனியில 35 டிகிரி. அங்க ஏல் ஈஸ்டே தாறுமாறா வேலை செஞ்சு, நெயில்பாலிஷ் வாடையில எதையோ கொடுக்கும்.

இன்னொரு வேடிக்கை இருக்கு. கடையில சாதாரணமா கிடைக்கிற அந்த லாகர்தான் வீட்டுல நகல் எடுக்கக் கஷ்டமானது. அரிசியோ மக்காச்சோளமோ சேர்த்து லேசா, தண்ணி மாதிரி தெளிவா செய்யறாங்க. அதுல சின்னத் தப்பு நடந்தாலும் நாக்குல தெரிஞ்சிடும். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுற பெல்ஜியம் கோதுமை பீர்ல கொஞ்சம் தப்பை மறைக்கலாம், இதுல முடியாது. சூடு தாங்குற க்வைக்னு ஒரு நார்வே ஈஸ்ட் இருக்கு, 35 டிகிரியில கூட நல்லா ஓடும். ஆனா அதுல அவன் கேட்கிற கிங்ஃபிஷர் ருசி வராது.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயத்துக்கு வர்றேன்.

தமிழ்நாட்டுல உரிமம் இல்லாம பீர் காய்ச்சுறது குற்றம். "எனக்குக் குடிக்கத்தானே, நான் விக்கலையே"ன்னு சொல்ல இடமில்ல. 1937ல வந்த மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு. தயாரிக்க மூலப்பொருளும் பாத்திரமும் வெச்சிருக்கிறதும் அந்தச் சட்டத்துக்குள்ள வரும். அதாவது, இன்னும் அடுப்பே பத்தவைக்காத என் தம்பியோட மாடி அறையும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில நடந்த சாவுகளுக்கு அப்புறம் தண்டனையை இன்னும் கடுமையாக்கிட்டாங்க. அங்க ஆளைக் கொன்னது மெத்தனால் கலந்த சாராயம், பீர் நுரைக்கிற வாளி இல்ல. ஆனா வீட்டுக்கு வர்ற காவலருக்கு அந்த வித்தியாசத்தை நீங்க ஹைட்ரோமீட்டரைக் காட்டி விளக்கிக்கிட்டிருக்க முடியாது.

தம்பிக்கு இப்ப இங்கிலாந்துல லீட்ஸுக்கு ஆன்சைட் பேச்சு நடக்குது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் வரும், விசா ஃபார்ம்ல வழக்கு இருக்கான்னு கேள்வி வரும். பாட்டிலுக்கு 37 ரூபாய்க்காக ஒரு எஃப்.ஐ.ஆர். ரிஸ்க். இதை நான் எந்த ஷீட்ல போட்டுக் காட்டுறது?

"3,000 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர்ல பானை பானையா வெச்சிருந்தாங்கல்லா"ன்னு சிரிச்சான். 2023ல நிதியமைச்சர் வந்து திறந்துவெச்ச கண்ணாடித் தரைக்குக் கீழே இருக்கிறது ஈமத்தாழிடா, பீர்ப் பானை இல்லைன்னேன். 1900 வாக்குல அலெக்சாண்டர் ரீ தோண்டினப்ப அந்தப் பானைகள்ல நெல் உமியும் தினை உமியும் கிடைச்சது உண்மை. பீர் இருந்துச்சுன்னு யாரும் சொல்லல.

ஆனா நொதிக்கிறது இந்த மண்ணுக்குப் புதுசில்ல. உடன்குடிப் பக்கம் பனையேறுறவங்களைக் கேளுங்க. கலயத்துல சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலைன்னா வெயில் ஏறுறதுக்குள்ள கள். பதநீர் இறக்க உரிமம் உண்டு. கள்ளுக்கு 1987லிருந்து தடை. பரம்பரையா மரம் ஏறுறவருக்கே இதுதான் நிலைமை, மாடி அறை ஐ.டி. பையனுக்கு யார் சலுகை கொடுப்பாங்க?

சட்டம் சரியான்னு கேட்டா, இல்லைங்கிறதுதான் என் கருத்து. பிரிட்டன் 1963லயே வீட்டு பீருக்கு உரிமம் வேண்டாம்னு எடுத்துட்டாங்க. அமெரிக்காவுல 1978ல அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு வருஷம் 200 கேலன் வரைக்கும் வரியில்லாமக் காய்ச்ச அனுமதிச்சாங்க. விக்கக் கூடாது, அவ்வளவுதான். மதுபானம் மாநிலப் பட்டியல்ல இருக்கு, குடிக்கிற மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பாட்டில் விலையில கணிசமான பங்கு எக்சைஸும் வாட் வரியுமா மாநிலத்துக்குப் போகுது. அந்த வருமானம் போயிடும்னு அரசு பயப்பட்டா, மேல இருக்கிற கணக்கைக் கொடுக்கலாம். மிச்சம் பிடிக்க எவனும் 784 பாட்டில் காய்ச்ச மாட்டான். ஆசைக்குச் செய்யற கொஞ்சப் பேர் செய்வாங்க, அதுக்கு ஒரு சின்ன அளவு வரம்பு வெச்சா போதும்.

ஆசைக்குன்னா கேமரா மாதிரி, புல்லட் மாதிரி, அது பொழுதுபோக்குச் செலவு. சட்டம் அனுமதிக்கிற ஊர்ல தாராளமா பண்ணுங்க. பட்ஜெட்ல "சேமிப்பு" வரியில மட்டும் எழுதாதீங்க.

ஃபிரிட்ஜ் இப்ப கீழே இறங்கிடுச்சு, சித்தி மீன் வைக்கிறாங்க. அண்டா கோயில் கொடைக்குச் சாம்பார் வைக்கப் போயிடுச்சு. மீதியை அன்னைக்கே காலி பண்ண வெச்சேன். நேத்து ராத்திரி தம்பிகிட்ட இருந்து ஒரு மெசேஜ்: "அண்ணே, லீட்ஸ்ல ஹீட்டர் போடாட்டா ரூம் எத்தனை டிகிரி இருக்கும்?"