நடித்தவர் யார்?

நாடக நடிகர்களை இளைஞர்கள் இன்ஸ்டாகிராமில் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது சினிமா ரசிகர் மன்றத்திலிருந்து வந்த தொற்று என்றும், தீவிர அரங்கை அது அழித்துவிடும் என்றும் அண்மையில் ஓர் இதழ் எழுதியிருக்கிறது. ஒத்திகை இடைவேளையில் சக நடிகர் கூப்பிடும் பெயர் ஒரு ரீலில் காதில் விழுகிறது. மறுநாள் கமெண்ட் முழுக்க அதே பெயர். நாடகத்தையே பார்க்காதவர்களும் உரிமையோடு கூப்பிடுகிறார்கள். இதுதான் குற்றச்சாட்டு.

தொற்று எங்கிருந்து எங்கே போனது? ராமதாஸ் நாடகத்தில் நவாப் வேஷம் போட்ட ராஜமாணிக்கம் பிள்ளை கடைசிவரை நவாப் ராஜமாணிக்கம்தான். ஔவையாராக நடித்த டி.கே. சண்முகத்தின் பெயரில் சென்னையில் ஒரு சாலையே இருக்கிறது, வேஷத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டு. கணேசனைச் சிவாஜி ஆக்கியது அண்ணாவின் நாடகமும் பெரியாரின் வாயும். சினிமா அந்தப் பெயரை மேடையிலிருந்து வாங்கிக்கொண்டது. ‘மயான காண்டம்’ நாடகத்தில் அரிச்சந்திரனாக நின்ற நாடக நடிகர் வைரமுத்துவை யாழ்ப்பாணம் நடிகமணி என்றது.

ஜப்பானின் மரபு நாடகமான கபுகியில் நடிகரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. நடிகர் உச்சத்தில் அப்படியே உறைந்து நிற்பார். மரக்கட்டைகள் படபடவென்று தட்டி ஓயும். அந்த இடுக்கில், மேல்மாடிப் பின்வரிசையின் மலிவு இருக்கையிலிருந்து ஒரு குரல் அவருடைய குலப்பெயரைச் சொல்லிக் கூவும். தான்ஜூரோ என்ற நடிகர் பரம்பரை என்றால் ‘நாரிதாயா’. இமைப்பொழுது முந்தினாலும் காட்சி கெட்டுவிடும். கொரோனாக் காலத்தில் அந்தக் குரலுக்குத் தடை விதித்தார்கள். அது இல்லாத கபுகி பாதிக் கபுகிதான். பல காலம் பார்த்துப் பார்த்துக் கிடைக்கிற உரிமை அது. பார்க்காமலே கூப்பிடுவது வெறும் சத்தம் என்ற அளவில் அந்தக் கட்டுரையாளரோடு எங்களுக்குச் சண்டையில்லை.

ஆனால் அவருடைய எரிச்சல் பெயரின் மீதே. அது நவீன நாடகத்தின் பழைய நோய். கூத்துப்பட்டறை நாடகக் குழு தொடங்கிய 1977 முதல் சிற்றிதழ்களில் வந்த நாடக விமர்சனங்களைப் புரட்டிப் பாருங்கள். ஏழ்மை அரங்கு, அந்நியமாதல் என்று கோட்பாடுகள் இருக்கும், நெறியாளர் பெயர் பத்து இடத்தில் இருக்கும். இரண்டு மணி நேரம் தன் உடம்பைக் கொடுத்து நின்றவரைத் தேடினால், பெரும்பாலும் ‘நடிகர்கள்’ என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சும். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் சுவரில் ஒட்டும் ஸ்பெஷல் நாடக நோட்டீஸ் இதைவிட ஆயிரம் மடங்கு மேலான ஆவணம். ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார், எந்த ஊர் என்று முகத்தோடு அச்சிடுகிறது.

விமர்சகன் எழுதாமல் விட்ட பெயரை ரசிகன் தனக்குத் தெரிந்த வகையில் எழுதுகிறான். அந்தச் செல்லப்பெயர் மட்டுமே எஞ்சினால் ஐம்பது வருஷம் கழித்து அது யாரென்று எவருக்கும் தெரியாது என்பதுதான் எங்கள் கவலை. கோட்பாட்டுப் பஞ்சம் தமிழில் என்றும் இருந்ததில்லை. ஒரு நடிகை எந்தக் காட்சியில் எப்படித் திரும்பினாள், குரலை எங்கே இறக்கினாள் என்று எழுதத்தான் ஆளில்லை.

அடுத்த இதழிலிருந்து இங்கே வரும் நாடக விமர்சனங்கள் ஒவ்வொன்றிலும் நடித்தவர் முழுப்பெயரும் வேஷமும் இருக்கும். பார்வையாளர் வைத்த பெயர் இருந்தால் அதுவும் சேரும். இவை இல்லாத கட்டுரைகள், யார் எழுதியதானாலும், திருப்பி அனுப்பப்படும்.