வறண்ட ஊருக்கும் வெள்ளத் திட்டம் வேண்டும்

"குடிக்கவே தண்ணி இல்ல, இங்க வெள்ளம் எங்கேந்து வரும்?" கோலார் தங்கவயலில் மழைநீர் வடிகாலுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் இந்தப் பதில்தான் வந்து விழுகிறது. கூடவே இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வரும்: அப்படியே வந்தாலும் அரசாங்கம் நிவாரணம் கொடுக்கும். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன்களில் குடியிருக்கும் ஏழை மக்களுக்கு இவ்விரண்டைவிடக் கெடுதலான நம்பிக்கை வேறில்லை.

1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியில் சுமார் இருநூறு பேரைப் பலிகொண்டது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, நமக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் வழியாக இறங்கும் அதே பாலாறுதான் அது. மேலே மைசூர் சமஸ்தானத்தில் ஏரிகள் உடைந்ததால் கீழே ஊர் அழிந்தது. வெறும் மணலாகக் கிடந்த அந்த ஆற்றில் 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டைக் கடந்த நீர் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல். வறண்ட பூமியில் வெள்ளம் வராது என்பவர்கள் இந்த இரண்டு நவம்பர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

கோலார் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர்தான். ஆனால் அது வருஷம் முழுக்கப் பங்கு போட்டுப் பெய்வதில்லை. கணிசமான பங்கை ஐப்பசியையொட்டிய மாதங்களில் கொட்டிவிட்டுப் போகிறது. அதைத் தாங்கத்தான் முன்னோர் ஓர் ஏரியின் உபரி அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலியாக வெட்டிவைத்தார்கள். பத்து வருஷம் காய்ந்து கிடக்கும் ஏரி, ஏரியாகத் தெரிவதில்லை, மனையாகத் தெரிகிறது. வரத்துக் கால்வாய் பாதையாகிறது, கலங்கல் தூர்ந்துபோகிறது. அதனால் வறட்சி நீண்ட ஊரில்தான், மழை வரும் அன்று தண்ணீருக்குப் போக வழியிருப்பதில்லை.

தங்கவயலுக்கு இன்னொரு சுமையும் உண்டு. நூற்றிருபது ஆண்டுச் சுரங்கத் தொழில் விட்டுப்போன சயனைடு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு மண் கிடக்கிறது. மழை அதைக் கரைத்து ஓடைக்கும் தாழ்வான நிலத்துக்கும் இறக்குகிறது. வேறு ஊரில் வெள்ளம் சேற்றை விட்டுப்போகும். இங்கே ஆலைக் கழிவையே விட்டுப்போகும். அந்த மேடுகளில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. மேட்டிலிருந்து பொன் எடுக்கத் திட்டம் போட முடிகிறதென்றால், அங்கிருந்து ஓடிவரும் நீரைத் தடுக்கவும் திட்டம் போட முடியும்.

அடுத்தது நிவாரண நம்பிக்கை. பேரிடர் நிதி எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று பாருங்கள். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை மாநிலங்களின் பேரிடர் மேலாண்மைக்குப் பரிந்துரைத்தது 1,60,153 கோடி ரூபாய். அதில் 80 சதவீதம் பெரும்பாலும் பேரிடர் வந்த பின் செலவிட. வருமுன் தணிக்கும் வேலைக்கு 20 சதவீதம்தான். தணிப்புக்கெனத் தனிப் பங்கு வைத்ததே ஒரு முன்னேற்றம். ஆனால் வாங்கிச் செலவழிக்கத் திட்ட அறிக்கை வேண்டும், கேட்கும் ஆள் வேண்டும். வெள்ளமே வராது என்று நம்பும் ஊர் அந்த 20 சதவீதத்தைக் கேட்பதே இல்லை. பெரிய பங்கான 80 சதவீதமோ அன்றைய உணவுக்கும், இடிந்த சுவருக்கு விதிப்படி ஒரு தொகைக்கும், உடைந்ததைச் சீரமைப்பதற்கும்தான் பெரும்பாலும் உரியது. அது புதிய வடிகால் கட்டித் தராது. அடுத்த மழைக்கும் அதே வீட்டில் தண்ணீர் புகும்.

இந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பதிலும் குழப்பம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. நிலம் மத்திய அரசின் சுரங்கக் கம்பெனிக்கு, குடியிருப்போர் ஓட்டு நகரசபைக்கு, பேரிடர் நிதி மாநிலத்துக்கு என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. கம்பெனி நிலத்து லைன்களில் வடிகால் யார் வெட்டுவது என்ற கேள்விக்கு ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது எளிது. மக்களே 'இங்கே வெள்ளம் கிடையாது' என்று சொல்லிவிட்டால் அந்த மூவருக்கும் வேலை மிச்சம்.

"வேலை இல்லை, குடிநீர் இல்லை, வடிகாலா முக்கியம்?" என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் கணக்கு தவறு. பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டுவந்து கோலாரின் ஏரிகளை நிரப்பும் கே.சி. வேலி திட்டத்துக்கு ஆயிரம் கோடிக்கு மேல் செலவானது. நம் தலையில் இலவசமாகப் பெய்யும் நீரைத் தூர்ந்த கால்வாய் தடுத்து, தெருவுக்குள் திருப்பிவிடுகிறது. கால்வாயைத் தூர்வாரி, மதகைச் சரிசெய்து, கலங்கலைத் திறந்தால், வெள்ளத்தைத் தடுக்கும் அதே வேலை கோடைக்குத் தண்ணீரும் சேர்க்கும். கூலி வேலையும் உள்ளூரிலேயே கிடைக்கும்.

ஆகவே அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் நிவாரணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். தணிப்பு நிதிக்குத் தங்கவயலிலிருந்து விண்ணப்பம் போனதா, லைன்களின் வடிகாலுக்கு எந்த அலுவலகம் பொறுப்பு, சயனைடு மேட்டின் அடிவாரத்தில் தடுப்பு எப்போது வரும் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். மழை வராத மாதங்களே அதைக் கேட்பதற்கு ஏற்ற மாதங்கள்.