ஜூஸ் கடை ஓட்டுக்குள் ஒரு மருந்துக் கடை

வெயில் ஏறிவிட்டால் காஞ்சிபுரம் - வந்தவாசி சாலையில் பைக்கில் போகிறவர்கள் பெருநகர் பக்கம் ஜூஸ் கடை நிழலைத் தேடுவார்கள். மாதுளை ஜூஸ் ஒரு டம்ளர் உள்ளே போகும். ஓடு குப்பைக் கூடைக்குப் போகும். எடை போட்டுப் பார்த்தால், பழத்தில் ஏறக்குறைய பாதி அந்த ஓடுதான்.

வயிற்றுப்போக்கு என்றால் மாதுளை ஓட்டைக் கஷாயம் வைத்த பாட்டிகளுக்கு அதன் அருமை தெரியும். அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் வகைப் பொருட்கள். மாம்பழத் தோலில் இருப்பது மாஞ்சிஃபெரின். கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளில் சீஸனில் குவிவது இந்தத் தோலும் கொட்டையும்தான்; பழத்தின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு.

இவற்றைப் பிரித்தெடுக்க ஒரு கரைப்பான் வேண்டும். விதைக் கொழுப்புக்குப் பெரும்பாலும் ஹெக்சேன். பெட்ரோலியத்திலிருந்து வருவது; 69 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடுவதால் ஆலைக்கு வசதி. ஆனால் சட்டெனத் தீப்பிடிக்கும். தினமும் அதைச் சுவாசிக்கும் தொழிலாளியின் கை, கால் நரம்புகளையும் பாதிக்கும். தோலுக்கு ஆய்வகங்கள் எடுப்பது பல நேரம் மெத்தனால். 2023-ல் மரக்காணத்திலும், 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்து உயிர்களைப் பறித்ததே, அதே மெத்தனால்!

இவற்றுக்கு மாற்றாகத்தான் ‘பசுமைக் கரைப்பான்’களைத் தேடுகிறார்கள். தண்ணீர், எத்தனால், அழுத்தத்தில் வைத்த கார்பன் டை ஆக்சைடு எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. எல்லாவற்றிலும் சுவாரஸ்யமானது இன்னொன்று.

நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு, புதினா உப்பு, கற்பூரம் மூன்றும் கட்டியாகத்தான் கிடைக்கும். ஒரே சீசாவில் போட்டுக் குலுக்கினால், ஒரு சொட்டு தண்ணீர் ஊற்றாமலே மூன்றும் இளகித் திரவமாகிவிடும். தலைவலித் தைலம் செய்கிறவர்களுக்கு இது பழைய வித்தை. தனித்தனியே உருக அதிக சூடு கேட்கும் பொருட்கள், சேர்ந்தால் மிகக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடுகின்றன.

2003-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ அபாட் குழுவினர் இதையே வேறு இரண்டு பொருட்களில் காட்டினார்கள். ஒன்று, கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு. உருக 302 டிகிரி வேண்டும். இன்னொன்று, உத்திரமேரூர் வட்டாரத்தில் நெல் போடுகிறவர்கள் மூட்டையாக வாங்கும் யூரியா. அதற்கு 133 டிகிரி. ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கலந்தால், 12 டிகிரியிலேயே திரவம்! 2011-ல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தினர், சர்க்கரை, எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் போன்ற தாவரப் பொருட்களைக் கொண்டே இப்படிப்பட்ட கலவைகளைச் செய்யலாம் என்று காட்டினார்கள். பொடித்த தோலை இதில் ஊறவைத்துக் கொஞ்சம் சூடாக்கினால், சத்து இறங்கிவிடும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கலவை தேன் மாதிரி கெட்டி; தோலுக்குள் ஊடுருவ நேரமாகும். தண்ணீர் சேர்த்து இளக்கலாம்தான். பாதிக்கு மேல் போனால் கலவையின் குணமே போய் வெறும் சர்க்கரைத் தண்ணீராகிவிடும். ஹெக்சேன் போல இது ஆவியாகவும் செய்யாது. இறங்கிய சத்தைப் பிரிக்கத் தனியாக வடிகட்டும் வேலை இருக்கிறது, செலவும் அங்கேதான். உண்ணத்தக்க பொருட்களால் ஆன கலவை என்றால் பிரிக்காமலே க்ரீமிலோ உணவிலோ சேர்த்துவிடலாம் என்பது ஒரு வழி.

எந்தக் கரைப்பானாக இருந்தாலும், பழத்தில் அடித்த பூச்சிமருந்தும் தோலில்தான் தங்கும். ‘பழத்தோல் பொடி, தினம் ஒரு ஸ்பூன்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி அரைக்கக் கிளம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி ஆலைக்கு ஒரு வசதி: எல்லாத் தோலும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஜூஸ் கடைக் கூடையிலோ ஓட்டோடு ஸ்ட்ராவும், கரைந்த ஐஸும், சாத்துக்குடிச் சக்கையும் கலந்து கிடக்கும். இரண்டு நாளில் பூசணம். மாதுளை ஓட்டுக்கென்று தனியாக ஒரு கூடை, காயவைக்க மொட்டை மாடி வெயில், வாரம் ஒருமுறை வந்து எடுத்துப்போக ஓர் ஆள்... ஆய்வகத்துக்கு முன்னால் தேவைப்படுவது இவைதான்.