பாதி காலின்னு யார் சொன்னது?

போன வருஷம் பொங்கலுக்குப் புனேயிலிருந்து குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். மேனேஜர் டாஸ்க் மேனேஜரைக் காட்டி, "சிபியு 50 சதவீதம்தானே ஓடுது? பாதி சும்மாதானே இருக்கு? இன்னொரு ரிப்போர்ட்டையும் சேர்த்து ஓட விடு" என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். 6 மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை 9 மணி நேரம் தாண்டியும் இழுத்தது. முடித்துக் கொடுக்காமல் கிளம்ப முடியாது. ரயில் போயே போச்சு. அம்மா வைத்த பொங்கல் பொங்கியதை வீடியோ காலில்தான் பார்த்தோம்.

மேனேஜர் மேல் கோபமில்லை. குற்றவாளி அந்த 50 தான்!

2002-ல் இன்டெல் தன் ஜியான், பெண்டியம் 4 சில்லுகளில் கொண்டுவந்த ஹைப்பர்த்ரெடிங், ஒரு கோரை இரண்டாகக் காட்டும். ஆனால் கணக்குப் போடும் பகுதியும் கேஷும் பொதுதான். நம்ம ஊர் டீக்கடையை நினைச்சுக்குங்க. மாஸ்டர் ஒருத்தர், வரிசை ரெண்டு. ஒரு வரிசைக்குப் பால் கொதிக்கிற நேரத்தில் அடுத்த வரிசைக்கு டீ ஆற்றலாம். காத்திருக்கும் நேரம் மிச்சம், அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜர் எண்ணுவது வரிசையை, மாஸ்டரை அல்ல.

எங்கள் சர்வரில் 4 கோர், 8 லாஜிக்கல் ப்ராசசர். 4 கனமான வேலைகள் தலைக்கு ஒரு கோரைப் பிடித்துக்கொண்டாலே காட்டுவது 50 தான். இன்னும் 4 வேலை போட்டால் 100 காட்டும். அதனால் இரண்டு மடங்கு வேலை நடக்குமா? நடக்காது. அறிமுகப்படுத்திய காலத்தில் இன்டெல்லே சொன்ன லாபம் அதிகபட்சம் 30 சதவீதம். அது முழுசாகக் கிடைத்தாலும் 130-ஐ ரெண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 65. அப்புறம் 6 மணி நேர வேலை 9 மணி நேரம் தாண்டாமல் என்ன செய்யும்?

ஹைப்பர்த்ரெடிங்கே ஏமாற்று வேலைன்னு சொல்ல வரலை. அடிக்கடி மெமரிக்காகக் காத்து நிற்கும் வேலைகளுக்கு நல்ல உதவிதான். ஆனால் 2024-ல் வந்த ஆரோ லேக் டெஸ்க்டாப் சில்லுகளில் இன்டெல்லே அதை விட்டுவிட்டது. கிளவுடில் இன்டெல் சர்வர் எடுப்பவர்களும் கவனிங்க: அங்கே ஒரு விசிபியு என்பது பெரும்பாலும் ஒரு த்ரெட்தான், முழு கோர் இல்லை.

அதனால மக்களே, சதவீதத்தை மட்டும் பார்த்து வாக்குக் கொடுக்காதீங்க. நிஜமான கோர் எத்தனைன்னு பாருங்க. ஒரு வேலை முடிய எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு அளந்து பாருங்க.

ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்தா, ரெண்டு தடவை அளந்து பாருங்க.